டபுள் பெல்

ராத்திரி ஒண்ணேமுக்கால் மணி. ரோட்டில் ஈ காக்கா கிடையாது. ஹெட்லைட் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் உலகம். அதுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை... அந்த மாதிரி ஒரு ரோடு.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்... வேண்டாம், திறந்தே இருக்கட்டும். சாத்தினால் அப்புறம் யார் தட்டினாலும் நான் போய்த் திறக்க மாட்டேன்.

எனக்கு நடந்த கதை இல்லை இது. எனக்கு நடந்திருந்தால் சொல்வதற்கு நான் இருந்திருக்க மாட்டேன். பல்லி கத்தினாலே பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிற ஆள் நான். நம்ம லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறானே, அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். அவன் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் சொல்லும்போது அவன் கையில் இருந்த டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. அவன் அதைத் துடைக்கவே இல்லை. அதுக்கு மதிப்பு உண்டா இல்லையா?

சித்தப்பா பஸ் டிரைவர். இருபத்தெட்டு வருஷம், ஒரே டிப்போ, ஒரே ரூட். கூட வேலை பார்த்த கண்டக்டரும் ஒரே ஆள். அந்தக் கண்டக்டர் வேறு யாரும் இல்லை, டிரைவர் மனைவியின் அண்ணன்தான். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷமே, இவன் குணம் நல்ல குணம், பிரேக்கும் மெதுவாகப் பிடிக்கிறான் என்று தன் தங்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும்?

டிரைவருக்கு டிப்போவில் பட்டப்பேர் 'டபுள் பெல்'.

அதுக்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், பக்கக் கண்ணாடியைப் பார்த்து, எல்லாரும் ஏறியாச்சு என்று தானாகவே முடிவு பண்ணி வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் இன்னும் பெல் கொடுக்கவில்லை. படியில் ஒரு அம்மாவுடைய கால் இருந்தது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். கால் பிழைக்கவில்லை. அன்றோடு சரி. ஒத்தை பெல் அடித்தால் நிறுத்துவார். டபுள் பெல் அடித்தால் எடுப்பார். நடுவில் திரும்பிப் பார்க்க மாட்டார், கண்ணாடியையும் பார்க்க மாட்டார். முன்னால் பார்ப்பது டிரைவர் வேலை, பின்னால் பார்ப்பது கண்டக்டர் வேலை. வீட்டில்கூட "காப்பி வேணுமா"என்று ஒரு தடவை கேட்டால் சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டாவது தடவை கேட்டால்தான் கை நீளும். மனைவி சிரித்துக்கொண்டே இரண்டு தடவை கேட்பாள். இருபத்தாறு வருஷமாக.

இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ரிட்டையர் ஆனார்கள்.

டிரைவர் மனைவிக்கு ஒரே ஆசை. ஊரையே கூட்டிக்கொண்டு போனவர் தன்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை, ஒரு தடவையாவது கடலில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும். டிரைவர் மறுக்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டதும் சரி என்றார். கண்டக்டர் விசாரித்து, வாடகைக்கு ஒரு கேரவன் பிடித்தார்.

கேரவன் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். பழைய லாரி சேஸிஸ் மேல் ஒரு ஒண்டுக் குடித்தனத்தைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. முன்னால் டிரைவர் கேபின் தனி. பின்னால் தகரப் பெட்டி மாதிரி வீடு. ஒரு கட்டில், ஒரு பெஞ்சு, ஒரு கேஸ் அடுப்பு, அடுப்புக்கு இரண்டடி தள்ளி ஒரு கக்கூஸ். கேபினிலிருந்து பின்னால் போக வழி கிடையாது. இறங்கிச் சுற்றிப் போய் பக்கவாட்டுக் கதவில் ஏற வேண்டும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் மட்டும் உண்டு, பேசுவதற்கு.

கண்டக்டர் முதல் வேலையாக ஒரு கயிறு வாங்கினார். பக்கவாட்டுக் கதவிலிருந்து கூரையோரமாக ஓட்டி, அந்த ஜன்னல் வழியே கேபினுக்குள் விட்டு, நுனியில் ஒரு வெண்கல மணியைக் கட்டித் தொங்கவிட்டார்.

"எதுக்கு மச்சான் இதெல்லாம்? வாயைத் திறந்து சொன்னா நிறுத்த மாட்டேனா?"

"நிறுத்துவே. ஆனா எடுக்க மாட்டியே. நடுரோட்டுல உன்னைத் தள்ளிக்கிட்டுப் போக எனக்கு உடம்புல தெம்பு இல்ல."

"அண்ணே, டிக்கெட்டும் கிழிச்சுக் குடுத்துடு"என்றாள் தங்கை. "பழக்கம் விட்டுப் போயிடப் போகுது."

"பேசாம ஏறு பாப்பா. உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு பாரு."

ஐம்பத்து மூன்று வயது அம்மாவை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. ஒரே ஒரு தகராறு. அந்த அம்மா கேரவன் கக்கூஸுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "சோறு பொங்கற எடத்துக்கு ரெண்டடி தள்ளியா? ச்சீ! நீங்க ரோட்டோரமா நிறுத்துங்க, நான் பாத்துக்கிறேன்." வேண்டுமானால் அவளே ஒத்தை பெல் அடிப்பாள். டிரைவர் நிறுத்துவார். அவள் இறங்கிப் போய்விட்டு வந்து ஏறி டபுள் பெல் அடிப்பாள். டிரைவர் எடுப்பார். பொம்பளை இறங்குகிற நேரத்தில் திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால், அவர் கண் போனட்டை விட்டு நகராது.

இரண்டாம் நாள் ராத்திரிதான் நான் முதலில் சொன்ன ராத்திரி. விடிவதற்குள் கடற்கரை போய்விட வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பள்ளம். பள்ளத்தைத் தாண்டி முள்ளும் புதரும். ரோடு ஒரு வண்டி அகலம். பின்னால் அண்ணனும் தங்கையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

டிங்.

ஒத்தை பெல். நிறுத்தினார். இடது பக்கம் ஒரு வளைவு, வளைவில் ஒரு வெள்ளைக் கல், சாய்ந்த கல். போனட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் கதவு திறந்தது. இரும்புப் படி கிறீச் என்றது. செருப்புச் சத்தம்... சரளைக் கல்லில்... தள்ளித் தள்ளி... அப்புறம் இல்லை.

இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிஷம் இருக்கும். படி கிறீச் என்றது. கதவு சாத்தியது.

டிங் டிங்.

டபுள் பெல். எடுத்தார்.

அரை மணி நேரம் ஓடியிருக்கும். பின் ஜன்னலை யாரோ சரக்கென்று தள்ளினார்கள். கண்டக்டர் முகம். தூக்கக் கலக்கம்.

"மச்சான், பாப்பா முன்னாடி உன்கூடவா உக்காந்திருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"கட்டில்ல காணோம்."

"பாத்ரூம்ல பாரு."

"அவ எங்க அதுக்குப் போறா? பாத்துட்டேன். இல்லை."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "நீதானே அப்போ டபுள் பெல் குடுத்தே?"

"எப்போ?"

"ஒண்ணேமுக்காலுக்கு."

"நான் பதினோரு மணிக்கே படுத்துட்டேன். இப்பதான் முழிச்சேன்."

வண்டி நின்றது. இரண்டு பேரும் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். இத்தனூண்டு இடத்தில் எத்தனை தடவை தேட முடியும்? போர்வையை உதறினார்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். கதவோரம் கழற்றி விட்டிருந்த மூன்று ஜோடிச் செருப்பில் இரண்டு ஜோடிதான் இருந்தது. அவளுடைய போன் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. டிரைவருடைய போனில் ஒரு புள்ளி சிக்னல்கூட இல்லை.

இருபது கிலோமீட்டர் பின்னால், அந்த இருட்டில், அவள் மட்டும் நிற்கிறாள்.

"திருப்பு மச்சான், திருப்பு!"என்று கண்டக்டர் கத்தினார்.

எங்கே திருப்புவது? சைக்கிளா அது? ரோடு ஒரு வண்டி அகலம், இரண்டு பக்கமும் பள்ளம். ரிவர்ஸில் போகலாம் என்றால் டயர் ஒரு சாண் நகர்ந்தாலும் வண்டி குடை சாய்ந்துவிடும். இருபத்தெட்டு வருஷ டிரைவர், கையில் ஸ்டியரிங், அடியில் ஆறு சக்கரம்... பெண்டாட்டி இருக்கிற திசைக்கு எதிர்த் திசையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வேறு வழியில்லை. ஏழு கிலோமீட்டர். வாய்விட்டு எண்ணினார். ஏழாவதில் ஒரு சின்னப் பாலம், பக்கத்தில் கொஞ்சம் மண்தரை. முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று ஒன்பது தடவை ஒடித்துத் திருப்பினார். கண்டக்டர் இறங்கி நின்று "வரலாம் வரலாம்... ஹோல்டான்!"என்று தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கண்டக்டர் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கை முழுக்க பின்னால் நின்றே வந்தவர். முன் கண்ணாடியில் ரோடு ஓடி வருவதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "நீ பாரு மச்சான். நீ பாத்துக்கிட்டே வா. பாப்பா சேலை வெளிர் மஞ்சள். பளிச்சுன்னு தெரியும்."

பின்னால் யாரும் இல்லை. கதவை வெளியிலிருந்து கொக்கி போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

ஐந்தாவது கிலோமீட்டரில்...

டிங்.

கண்டக்டர் கண்ணைத் திறந்தார். மணியைப் பார்த்தார். கயிறு இழுபட்டு மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தது.

டிரைவர் நிறுத்திவிட்டார். யோசித்து நிறுத்தவில்லை. கால் நிறுத்திவிட்டது.

"ஏன் நிறுத்தினே?"

"பெல் அடிச்சுது."

"யாரு அடிச்சா?"

பின்னால் கொக்கி கழன்று விழுகிற சத்தம். கதவு திறந்தது. படி கிறீச். ஒரு தடவை. இன்னொரு தடவை. வண்டி லேசாக இடது பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. யாராவது படியில் ஏறினால் சாயுமே, அப்படி.

"பாப்பா!"என்று கண்டக்டர் ஜன்னல் வழியே கத்தினார். டார்ச்சை விட்டுப் பார்த்தார். அடுப்பு. பெஞ்சு. காலிக் கட்டில்.

டிங் டிங்.

வண்டி நகர்ந்தது.

"டேய்! ஏன்டா எடுக்கிறே?"

"நான் எடுக்கலை மச்சான்... காலு போகுது."

கண்டக்டர் பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்தார். மணியை ஜன்னல் வழியாக வெளியே வீசினார். அது பள்ளத்தில் விழுந்து டங்டங்கென்று உருண்டது. இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடியும் ஒத்தை பெல். இந்தத் தடவை அவர்கள் தலைக்குப் பின்னால், தகரத்துக்குள்ளிருந்து. வெண்கல மணி சத்தம் இல்லை அது. அவர்களுடைய பழைய பஸ்ஸில் இருந்ததே, கொஞ்சம் விரிசல் விட்ட மணி... அதன் சத்தம்.

டிரைவர் நிறுத்தினார்.

கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். அவர் மனசில் ஓடியது வேறு. நிற்காமல் போனால், ஒருவேளை அங்கே நிற்பது அவளாக இருந்துவிட்டால்? ஒரு தடவை அவளை விட்டுவிட்டுப் போன கால் அது. இன்னொரு தடவை எப்படிப் போகும்?

இறங்கி ஓடினார். ரோடு. புதர். இருட்டு. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரல் திரும்பிக்கூட வரவில்லை, இருட்டு அப்படியே விழுங்கிவிட்டது. அந்தப் பக்கம் படி கிறீச்... கிறீச்... கிறீச்... என்று அடுக்கடுக்காக. அவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தால் படி காலி. கதவு அவர் மூக்குக்கு முன்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

டிங் டிங்.

அப்புறம் கணக்கு வைக்கவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அரைக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை. ஒத்தை பெல், நிற்க வேண்டும். டபுள் பெல், எடுக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பே இல்லாத ரோட்டில் எத்தனை ஸ்டாப்!

வண்டி கனத்துக்கொண்டே போனது.

ஓட்டுகிறவனுக்குத்தான் அது தெரியும். மேட்டில் மூன்றாம் கியர் இழுக்கவில்லை, இரண்டுக்குப் போட்டார். ஸ்டியரிங் மந்தமாகிவிட்டது. ஸ்பிரிங் பட்டை குழியில் விழும்போதெல்லாம் முனகியது. பின்னாலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது... மழை நாளில் நெரிசல் பஸ்ஸில் அடிக்குமே, ஈரத்துணியும் வேர்வையும் தலை எண்ணெயும் கலந்து, அது. வெளியே மழை இல்லை. ஒரு மாதமாக மழையே இல்லை.

அப்புறம் டக்... டக்... டக்... என்று ஒரு சத்தம். கம்பியில் காசால் தட்டுகிற சத்தம். டிக்கெட் கேட்கிறவர்கள் தட்டுவார்களே.

கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டு அழுதார். "ஃபுல் லோடு மச்சான்... ஸ்டாண்டிங்கே நாப்பது இருக்கும் போலிருக்கே..."

வெள்ளைக் கல் வளைவுக்கு வந்தார்கள். அங்கே ஒத்தை பெல் அடித்தது. வண்டி நின்றது. டிரைவர் இறங்கித் தேடினார். கல்லுக்குப் பின்னால், புதருக்குள், பள்ளத்துக்குள். முள் கிழித்து முழங்கையெல்லாம் ரத்தம். யாரும் இல்லை. இவர் தேடிக்கொண்டிருக்கும்போதே படி ஒரே ஒரு தடவை கிறீச் என்றது. கதவு சாத்தியது. டபுள் பெல். ஓடிப் போய் ஏறினார்... அவருக்கே அசிங்கமாக இருந்தது. பெண்டாட்டியைத் தேடுகிறவன் பெல் சத்தம் கேட்டதும் நாய்க்குட்டி மாதிரி ஓடுகிறானே என்று.

இன்னும் பத்து கிலோமீட்டர் தேடிக்கொண்டே போனார்கள். ஒரு மண்திட்டில் திருப்பினார்கள். மறுபடியும் வெள்ளைக் கல் வளைவு.

அங்கே நின்றிருந்தாள்.

கல்லுக்குப் பக்கத்தில். வெளிர் மஞ்சள் சேலை. கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

பெல் எதுவும் அடிக்கவில்லை. டிரைவர் பிரேக்கை மிதித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் பெல் இல்லாமல் ஒரு ஆளுக்காக அவர் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. கனத்த வண்டி, ஐம்பதடி இழுத்துக்கொண்டு போய்த்தான் நின்றது.

குதித்து ஓடினார். கையைப் பிடித்தார். ஐஸ் மாதிரி இருந்தது. "என்னம்மா... என்னம்மா இது... மன்னிச்சிடும்மா"என்று என்னென்னவோ உளறினார். கண்டக்டர் ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வா, ஏறு, கடலும் வேணாம் கிடலும் வேணாம், வீட்டுக்குப் போயிடலாம்"என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார் டிரைவர்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டில், பெஞ்சு, அடுப்பு. ஒரு ஈ கூட இல்லை.

அவள் ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே பார்த்தாள். காலை மெதுவாகக் கீழே எடுத்தாள்.

"இவ்வளவு கூட்டத்துல நான் எங்க ஏர்றது?"

இங்கே நான் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு ஒண்ணுக்கு வருகிறது. யாராவது கூட வந்தால் போவேன்... யாரும் வர மாட்டீர்கள். சரி, அடக்கிக்கொண்டே சொல்கிறேன்.

டிரைவர் சாவியை எடுக்கவில்லை, பெட்டியை எடுக்கவில்லை, செருப்பைக்கூட மாட்டவில்லை. அவள் ஒரு கையை இவர் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையை அண்ணன் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

பின்னால் வண்டி இஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது.

டிங் டிங்.

நடந்தார்கள்.

டிங் டிங். டிங் டிங்.

டிரைவரின் வலது கால் ஒவ்வொரு பெல்லுக்கும் வெட்டி வெட்டி இழுத்தது. நொண்டிக்கொண்டே நடந்தார். லேட்டானால் ஜனங்கள் எப்படி அடிப்பார்கள்? பொறுமையில்லாமல், கயிற்றை விடாமல் பிடித்து இழுத்து... அப்படி. அதன் நடுவில் ஏதோ ஒரு குரல் தன்னைக் கூப்பிடுகிற மாதிரி அவருக்கு இருந்தது. மெல்லிசான குரல். தலையைத் திருப்பப் போனார். அவள் கையை இறுக்கினாள்.

"திரும்பாதீங்க."

எப்போதும் திரும்பாதவர்தானே. திரும்பவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பெல் நின்றுவிட்டது. அதுதான் இன்னும் மோசம்.

"ஏன் நின்னுடுச்சு?"என்றார் கண்டக்டர்.

"இறங்கிட்டாங்க"என்றாள் அவள். "கொஞ்சம் வேகமா நடங்க."

விடிகிற நேரத்துக்கு ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. விளக்கு, மனுஷ முகம், டீ. டிரைவருக்குக் கால் இரண்டும் கொப்புளம். கண்டக்டர் பெஞ்சில் சுருண்டு படுத்துவிட்டார். அவளுக்கு மட்டும் களைப்பே இல்லை. டிரைவர் கேரவன்காரருக்குப் போன் போட்டு, கிளட்ச் போய்விட்டது, இன்ன இடத்தில் நிற்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். வேறென்ன சொல்வது? மூன்று பேரும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸில் பெல் அடிக்கும்போதெல்லாம் இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக் குழந்தை சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் திட்டுவாள் என்று காத்திருந்தார். நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போனவனை எந்தப் பெண்டாட்டி திட்டாமல் இருப்பாள்? அவளுக்கு அதற்கு எல்லா உரிமையும் உண்டு, அவரும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். திட்டவில்லை. குளித்தாள், சமைத்தாள், படுத்தாள். பயந்து போயிருக்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். ராத்திரி அவள் தூங்குகிறாளா என்று நாலு தடவை எழுந்து பார்த்தார். நாலு தடவையும் அவள் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். நல்ல வெயில். அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கேரவன்காரர்.

"சார், வண்டி கிடைச்சுது. நீங்க சொன்ன எடத்துலயேதான் நிக்குது. கிளட்ச் நல்லாத்தான் இருக்கு சார், டீசல்தான் தீந்திருக்கு."

"சரிங்க. மன்னிச்சுக்குங்க."

"அது கிடக்கட்டும் சார்... பெரியவர், நான் சொல்லக்கூடாது. என்ன சண்டையா இருந்தாலும் வீட்டம்மாவை இப்படியா நடுக்காட்டுல விட்டுட்டுப் போவீங்க? நேத்துலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை போல. இறங்குங்கம்மான்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். மாட்டேங்கிறாங்க. நீங்களே பேசுங்க, இந்தாங்க."

போன் கை மாறுகிற சத்தம். வளையல் உரசுகிற சத்தம். ஒரு இருமல். இருபத்தாறு வருஷமாகக் கேட்ட இருமல்.

"என்னங்க..."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நீங்க அந்தக் கல்லுகிட்ட மறுபடியும் வந்து நிறுத்தினீங்களே, அப்பவே நான் ஏறிட்டேங்க. ஏறினதுலேருந்து உங்களைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீங்க இறங்கி நடந்து போனப்பவும் கூப்பிட்டேன். அந்தக் கூட்டத்துல உங்களுக்குக் கேக்கலை."

மறுபடியும் வளையல் உரசியது.

"இப்ப எல்லாரும் இறங்கிட்டாங்க. நான் ஒருத்திதான் இருக்கேன். எப்ப வருவீங்க?"

சமையலறையில் காய் நறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டக்... டக்... டக்...

நின்றது.